எரர் கோடு வந்தவுடன் பாகத்தை மாற்றாதீர்கள்

டேஷ்போர்டில் மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு எரிந்தால் வண்டிக்காரருக்கு வயிற்றைக் கலக்குகிறது. கொல்லிமலையின் ஆலத்தூர் நாட்டில் பட்டறை வைத்திருக்கும் நான் இதை அடிக்கடி பார்க்கிறேன். மிளகும் அன்னாசியும் வாழைத்தாரும் ஏற்றிக்கொண்டு நாமக்கல்லுக்கும் ராசிபுரத்துக்கும் இறங்கும் பழைய பிக்கப் வண்டிகளை நம்பித்தான் எங்கள் மலையில் பல குடும்பங்கள் இருக்கின்றன. இரண்டு மூன்று கை மாறி வந்த வண்டிகள் அவை. விளக்கு எரிந்ததும் கீழே கொண்டுபோகிறார்கள். அங்கே ஸ்கேனரை மாட்டுகிறார்கள், ஒரு எண் வருகிறது, அந்த எண்ணோடு எந்தப் பாகத்தின் பெயர் ஒட்டியிருக்கிறதோ அதை மாற்றச் சொல்லிவிடுகிறார்கள். இந்தப் பழக்கம் ஏழைகளின் பணத்தைத் தின்கிறது.

இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூ ஒவ்வொரு சென்சாரிலிருந்தும் இன்ன அளவுக்குள் சிக்னல் வரவேண்டும் என்று எதிர்பார்க்கிறது. அளவு தப்பினால் குறித்துவைக்கிறது. அதற்குமேல் அதற்கு ஒன்றும் தெரியாது. பி-0171 என்று வந்தால் கலவையில் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். அதைச் சரியாகக் கண்டு சொன்னதே ஆக்சிஜன் சென்சார்தான். காற்றுக் குழாயில் விரிசல் இருக்கலாம், பெட்ரோல் பம்ப் சோர்ந்திருக்கலாம், இன்ஜெக்டர் அடைத்திருக்கலாம். ஆனால் நல்ல நிலையில் இருக்கும் சென்சாரைக் கழற்றிப் போட்டுப் புதிது மாட்டுகிறார்கள். விளக்கு சில நாள் அணைந்து, மறுபடி எரிகிறது.

மழைக்காலத்தில் ஒரு தம்பி பிஎஸ் 4 பிக்கப் கொண்டுவந்தார். அடிவாரக் காரவள்ளியிலிருந்து ஏறும்போது பாதி வளைவு தாண்டுவதற்குள் இழுவை செத்துவிடுகிறது, நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்தால் கொஞ்ச தூரம் போகிறது. "ஹை பிரஷர் பம்ப் போயிடுச்சாம்ணா, மாத்தியே ஆகணுமாம்" என்றார். கையில் ஒரு மதிப்பீட்டுத் தாள். அந்த வருஷம் அவர் வீட்டில் விற்ற மிளகுப் பணம் அதற்குக் காணாது.

கோடு பி-0087. இன்ஜெக்டர்களுக்கு டீசல் கொடுக்கும் 'ரயில்' குழாயில் அழுத்தம் குறைவு என்பது அதன் பொருள். கோளாறு பதிவான நொடியில் வண்டி எப்படி இருந்தது என்பதையும் இசியூ சேர்த்து வைத்திருக்கும். ஃப்ரீஸ் ஃபிரேம் என்போம். அதைத் திறந்தேன். ஆக்சிலரேட்டர் முழு மிதி, வேகம் இருபதுக்குக் கீழே, இன்ஜின் நல்ல சூடு. சமதளத்தில் ஒருமுறைகூடப் பதிவில்லை. லோடு ஏறும்போது மட்டும் டீசல் போதவில்லை என்றால், பம்ப்புக்கு வந்து சேர்வதே குறைகிறதோ என்று முதலில் பார்க்க வேண்டும். ஃபில்டருக்கு முன்னால் கண்ணாடிபோன்ற டியூப் ஒரு முழம் சொருகி இன்ஜினை முறுக்கினேன். டீசலோடு காற்றுக் குமிழ் வரிசையாக ஓடியது. டேங்கிலிருந்து வரும் ரப்பர் ஹோஸ், கிளிப் போட்ட இடத்தில் நரம்புபோல வெடித்திருந்தது. வெளியே ஒழுகவில்லை, உள்ளே காற்றை மட்டும் இழுத்திருக்கிறது. ஃபில்டர் அடியில் தண்ணீரும் தேங்கியிருந்தது. ஹோஸும் ஃபில்டரும் மாற்றி, வாழைத்தார் லோடோடு கீழே போய், 70 கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்தோம். ஸ்கேனரில் இசியூ கேட்ட அழுத்தமும் வந்த அழுத்தமும் கடைசி வளைவுவரை ஒட்டியே நின்றன. பழைய பம்ப்தான் இன்றும் ஓடுகிறது.

மலைக்கென்று தனிக் கணக்கும் உண்டு. சாவியைத் திருப்பி, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் அளவைப் பார்த்தால் நாமக்கல்லில் 98, 99 கிலோபாஸ்கல் காட்டும். ஆயிரம் மீட்டருக்குமேல் இருக்கும் எங்கள் ஊரில் 90-க்குக் கீழே காட்டினால் சென்சார் சரியாகத்தான் இருக்கிறது, இங்கே காற்றே அவ்வளவுதான். இது தெரியாதவர் சென்சாரைக் குறை சொல்லிவிடுவார்.

பழைய வண்டிகளில் இன்னொரு சிக்கல். அமெரிக்காவில் 1996 முதலே எல்லா கார்களுக்கும் ஒரே மாதிரி 16 முள் சாக்கெட்டும் பொதுவான கோடுகளும் கட்டாயம். இந்தியாவில் வண்டியே தன் கோளாறைப் பதிவுசெய்யும் ஓபிடி முறையின் முதல் கட்டம் 2010 ஏப்ரலிலும் இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரலிலும் வந்தன, அதுவும் பிஎஸ் 4 வண்டிகளுக்கு. பிஎஸ் 4 மாசு விதி நாடு முழுவதும் கட்டாயமானது 2017-இல்தான். அதனால் 2014-இல் சிறிய ஊரில் வாங்கிய பிஎஸ் 3 வண்டியில் அதே சாக்கெட் இருந்தாலும், மலிவு விலை புளூடூத் ரீடர் மாட்டினால் பதில் வராமல் போகலாம். அந்த வண்டி நிறுவனத்தின் சொந்த ஸ்கேனரோடு மட்டுமே பேசும். அதைவிடப் பழைய மாருதி எம்பிஎஃப்ஐ வண்டிகள் சிலவற்றுக்கு ஸ்கேனரே தேவையில்லை. டயக்னோசிஸ் கப்ளரில் இரண்டு முனையை ஒரு வயரால் இணைத்தால் இன்ஜின் விளக்கே மின்னிச் சொல்லும். ஒருமுறை மின்னி, சற்று நின்று, இரண்டுமுறை மின்னினால் 12, பதிவான கோளாறு எதுவும் இல்லை. ஒரு துண்டு வயர் வைத்திருக்கும் யாரும் படிக்கலாம் என்று வண்டியைச் செய்தவர்கள் நினைத்த காலம் அது.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். விற்பதற்கு முன்னால் கோடுகளை அழித்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். விளக்கு எரியவில்லை என்று நம்பிவிடாதீர்கள். அழித்தால் வண்டியின் சுய சோதனைகளும் அழிந்து, ஸ்கேனரின் ரெடினஸ் பகுதியில் 'முடியவில்லை' என்று வரிசையாகக் காட்டும். அப்படிக் காட்டினால் சில நாள் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும்.

நிறுவனங்கள் ஸ்கேனரைத் தங்களிடமே பூட்டிவைக்கும் பிரச்சினை மேலிடம்வரை போனது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்குமேல் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் கோளாறு கண்டறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் வைத்திருக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. சில நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022-இல் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்து, வாகனத் துறையையும் அதில் சேர்த்தது. ஆனால் பி-1 என்று தொடங்கும் கோடு வந்தால் நான் இன்னும் தெரிந்தவர்களுக்குப் போன் போட்டுத்தான் கேட்கிறேன். அது அந்தந்த நிறுவனம் வைத்துக்கொண்ட கோடு. தயாரிப்பை நிறுத்திய பழைய மாடல்களுக்காவது கோடு விளக்கத்தையும் வயரிங் வரைபடத்தையும் இலவசமாகத் தமிழில் வெளியிட வேண்டும். அதனால் நிறுவனங்களுக்கு என்ன நஷ்டம்?

பழங்குடியினருக்காக அரசு நடத்தும் தொழிற்பயிற்சி நிலையங்களில் ஸ்கேனர் படிப்பதற்கென்றே ஒரு குறுகிய காலப் பயிற்சி வேண்டும். கோடு படிப்பதை அரை நாளில் கற்றுவிடலாம். லைவ் டேட்டா பார்ப்பதும், மல்டிமீட்டர் வைத்து வயரைத் தேடிப்போவதும்தான் பையன்களுக்குக் கைவர வேண்டும். எங்கள் மலையில் செம்மேட்டில் அப்படி ஒரு வகுப்பு வைத்தால், பிரித்துப் பார்த்துப் பழக என்னுடைய பழைய பிக்கப்பை நான் கொடுக்கிறேன்.