ஒரு பேரு, ரெண்டு நகை

போன மாசம் அக்கா மக கல்யாணத்துக்கு நகை எடுக்கத் தெற்காவணி மூல வீதிக்குப் போயிருந்தோம். மதுரைக்காரங்களுக்கு அந்தத் தெருவைப் பத்திச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கடையில "வீரமங்கை கலெக்‌ஷன்"னு தனியா ஒரு ஷோகேஸ். வேலு நாச்சியார் ஒட்டியாணம், ராணி மங்கம்மாள் ஆரம். சேதாரம் மட்டும் சத்தமில்லாம கொஞ்சம் கூட.

"சித்தி, வேலு நாச்சியார் இதையா போட்டிருந்தாங்க?"ன்னு கேட்டா பொண்ணு. கடைப் பையன் சிரிச்சுட்டான். நானும்தான். ஆனா அந்தக் கேள்வி வீடு வரைக்கும் கூடவே வந்துருச்சு. 1772-ல காளையார்கோவில்ல புருஷனைப் பறிகொடுத்துட்டு, விருப்பாச்சியில எட்டு வருஷம் காத்திருந்து, 1780-ல சிவகங்கையை மீட்ட பொம்பளை. அந்த எட்டு வருஷத்துல அவங்க நினைப்பு ஒட்டியாணத்துலயா இருந்திருக்கும்?

யோசிச்சுப் பார்த்தா, நம்ம ஊர் முன்னோடிப் பெண்கள் நகை போட்ட கதையை விடக் கழட்டிக் கொடுத்த கதைதான் பெருசு. மதுரை கே.பி. ஜானகி அம்மாளையே எடுத்துக்கோங்க. நாடக மேடையில பாடி நடிச்சு நல்லா சம்பாதிச்சவங்க. சேர்த்த நகையையெல்லாம் வித்து இயக்கத்துக்குக் கொடுத்தாங்க. 1967-ல மதுரை கிழக்குத் தொகுதி எம்.எல்.ஏ. அவங்க பேர்ல கலெக்‌ஷன் போடணும்னா ஷோகேஸைக் காலியா வைக்கணும், ஹி ஹி.

(இதே ஊர்ல பொறந்த எம்.எஸ். அம்மா விதிவிலக்கு. அந்த ரெண்டு பக்க வைர மூக்குத்தி இல்லாம அவங்க முகத்தை நினைச்சுப் பார்க்க முடியுமா? "எம்.எஸ். மாதிரி"ன்னு கேட்டு மூக்குத்தி வாங்குன ஆளுங்க எங்க சொந்தத்துலயே இருக்காங்க. அதை நான் குறை சொல்லலை.)

சரி, விஷயத்துக்கு வர்றேன். ஒரு முன்னோடிப் பெண்ணோட பேர்ல நிஜமாவே தங்கம் கொடுத்தது எந்தக் கடையும் இல்லை, நம்ம தமிழ்நாட்டு அரசு. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் நினைவுத் திருமண உதவித் திட்டம். 1989-ல பண உதவியா ஆரம்பிச்சது. 2011-ல தாலிக்கு 4 கிராம் தங்கமும் சேர்ந்தது. 2016-ல அது 8 கிராம் ஆச்சு, அதாவது முழுசா ஒரு பவுன்.

யாரு இந்த இராமாமிர்தம் அம்மையார்? 1883-ல பொறந்தவங்க. சின்ன வயசுலயே ஒரு தாசி வீட்டுல வளர விடப்பட்டவங்க. பொட்டுக்கட்டு வழக்கத்தை எதிர்த்து வாழ்நாள் பூரா போராடினாங்க. 1936-ல "தாசிகள் மோசவலை"ன்னு நாவலே எழுதினாங்க. 1938 இந்தி எதிர்ப்புல திருச்சியிலேருந்து சென்னைக்கு நடந்து போனப்போ வயசு 55. அதுக்கப்புறம் ஜெயில் வேற.

பொட்டுங்கிறது என்ன? சாமி பேரால ஒரு சின்னப் பொண்ணு கழுத்துல கட்டுற தாலி. குந்துமணித் தங்கம்தான். ஆனா அது ஏறிட்டா அவ வாழ்க்கை அவ கையில இல்லை. 1947-ல சட்டம் வந்துதான் அது நின்னுது. ஒரு நகையை எதிர்த்துச் சண்டை போட்டவங்க பேர்லயே தாலிக்குத் தங்கமான்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு உறுத்தல் இருந்துச்சு.

அப்புறம்தான் புரிஞ்சது. அவங்க கல்யாணத்துக்கு எதிரி இல்லை. தாசி வீட்டுப் பொண்ணுகளுக்கும் மத்தவங்க மாதிரி கல்யாணம் நடக்கணும்னுதான் அலைஞ்சாங்க. அந்தப் பொண்ணுகளுக்குத் தாலி மறுக்கப்பட்ட உரிமை. தவிர, அரசு சும்மா கொடுக்கலை. பொண்ணு பத்தாவது முடிச்சிருந்தா 25,000 ரூபாய், பட்டம் வாங்கியிருந்தா 50,000, கூடத் தங்கம். அந்த ஒரு பவுனுக்காகவே பிள்ளையைப் பத்தாவது வரைக்கும் விட்டு வச்ச வீடுகளை மேலூர்ப் பக்கம் நானே பார்த்திருக்கேன்.

2022-ல அந்தத் திட்டத்தை மாத்திட்டாங்க. அதே பேர்ல உயர்கல்வி உறுதித் திட்டம், ஊர் வாயில "புதுமைப் பெண்". ஆறாவதுலேருந்து பன்னிரண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணு காலேஜ் சேர்ந்தா மாசம் 1000 ரூபாய், அவ பேங்க் கணக்குலயே.

எங்க தெரு இட்லிக்கடை அக்காவுக்கு ரெண்டு பொண்ணு. மூத்தவளுக்கு 2018-ல அந்தத் தங்கக் காசு கிடைச்சது. சின்னவ 2022-ல காலேஜ் சேர்ந்து ஆயிரம் ரூபாய் வாங்க ஆரம்பிச்சா. ஒரு வீடு, ஒரே அம்மையார் பேரு, ரெண்டு விதம். அக்காவுக்குத் தங்கத்தை எடுத்துட்டாங்களேன்னு ஒரே கோவம். "ரூவா செலவாயிரும் தங்கச்சி. தங்கம் நிக்கும். ஆத்திர அவசரத்துக்கு வைக்கலாம்ல?" தப்புன்னு சொல்ல முடியுமா? மூணு வருஷத்துக்குக் கூட்டினா 36,000. அந்த வருஷமே ஒரு பவுன் அந்த விலையைத் தாண்டியிருச்சு. கணக்குல அக்காதான் ஜெயிச்சாங்க.

ஆனாலும் நான் சின்னவ பக்கம்தான். மூத்தவளோட காசு தாலியாச்சு. அப்புறம் புருஷன் ஆட்டோவுக்காக அடகுக் கடைக்குப் போச்சு. மீட்டாச்சு, மறுபடி போச்சு. அது உள்ளே போறதையும் வெளியே வர்றதையும் முடிவு பண்ணினது ஒரு தடவை கூட அவ இல்லை. கழுத்துல கிடந்தது ஒண்ணுதான் அவளோடது, சாவி வேற ஆள்கிட்ட.

போன வருஷம் சின்னவ படிப்பு முடிச்சப்ப, "அந்த ஆயிரத்தை என்னடி பண்ணுனே?"ன்னு கேட்டேன். பஸ்ஸு, ஜெராக்ஸு, பரீட்சை ஃபீஸுன்னு அடுக்கினா. அப்புறம் கூந்தலை ஒதுக்கிக் காதைக் காட்டினா. புதுமண்டபத்துப் பக்கம் வாங்கின கவரிங் கம்மல். "இது மட்டும் எனக்காக வாங்குனேன் சித்தி. அம்மாட்ட சொல்லிராதீங்க."

வீரமங்கை கலெக்‌ஷன் வைக்கிற கடைக்காரங்களே, ஒட்டியாணம் அழகாத்தான் இருக்கு. ஆனா முன்னோடிப் பெண் பேர் சொல்ற நகை எதுன்னு என்னைக் கேட்டா, அந்தக் கவரிங் கம்மலைத்தான் சொல்லுவேன்.

டிஸ்கி: அக்கா மகளுக்குக் கடைசியில நெக்லஸ்தான் எடுத்தோம். ஒட்டியாணத்தோட விலையைக் கேட்டதும் அக்காவுக்கு வீரமும் போச்சு, மங்கையும் போச்சு.