பழி தமிழுக்கா?

விண்டோசு 10-க்கான வழக்கமான காப்புப் பணி 2025 அக்தோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. அதனையொட்டி அலுவலகம் பலவற்றில் கணினிகளுக்குப் புதிய இயங்குதளம் ஏற்றப்பட்டது. பழைய தமிழ்க் கோப்பைத் திறந்தவர் கண்டதோ தமிழன்று. உரோமன் எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை! கண்டவுடன், "தமிழில் வைத்தால் இப்படித்தான், இனி ஆங்கிலத்திலேயே எழுதிவிடுவோம்" என்பார் உளர். உண்ட சோற்றைப் பழிக்கும் இவ்வாய்களுக்கு நடந்தது இன்னதென்று சொல்லியாக வேண்டும்.

பாமினி என்னும் எழுத்துருவை எடுத்துக்கொள்க. அதில் அகரம் அமர்ந்திருப்பது உரோமன் 'எம்' எழுத்தின் இருக்கையில். மகரம் 'கே' எழுத்தின் இருக்கையில். மெய்ப்புள்ளி அரைப்புள்ளியின் இடத்தில். கால் 'எச்' எழுத்தின் இடத்தில். ஆகவே அதில் தட்டச்சிட்ட 'அம்மா' என்னும் சொல்லைக் கணினி தமிழென்று அறியவே இல்லை. எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகளையே அது காத்து வைத்தது. எழுத்துரு என்னும் போர்வை இருந்த மட்டும் அவை தமிழாய்த் தோன்றின. இயங்குதளத்தைப் புதிதாய் நிறுவியபோது போர்வை போயிற்று, உள்ளிருந்தது வெளிவந்தது. அம்மாவை அயலான் இருக்கையில் அமர்த்தியவர் யார்? தமிழா?

தமிழுக்குத் தனியிருக்கை இல்லாமலும் இல்லை. 1991-இல் வந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே 128 இடங்கள் கொண்ட கட்டம் தமிழுக்கு ஒதுக்கப்பெற்றது. 2000-இல் வெளிவந்த விண்டோசில் இலதா என்னும் எழுத்துருவோடு அது நடைமுறைக்கும் வந்தது. தமிழக அரசு 2010-இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்று ஆணையிட்டது. 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் தராமல் உயிர்மெய்யைக் கூறுபோட்ட முறை குறையுடையதே, அவ்வழக்கு வேறு. குறையுடைய வீடாயினும் சொந்த வீடு அது.

அச்சகத்தார்க்கு ஒருகால் ஒரு கரணியம் இருந்தது. பக்கம் அமைக்கும் பழைய மென்பொருள்கள் ஒருங்குறித் தமிழைக் கோக்க அறியா. முன்னிற்க வேண்டிய கொம்பு எழுத்துக்குப் பின்போய் நின்றது. 2012-இல் வந்த இன்டிசைன் பதிப்பு அதனைக் கற்றுக்கொண்டது. அதன்பின்னும் பாமினியையே கட்டியழுவது பழக்கத்தின் அடிமைத்தனமன்றி வேறென்ன?

இனிச் செய்வது யாது? குப்பையாய்த் தோன்றும் கோப்பை அழித்துவிடலாகாது. உள்ளிருப்பது ஒன்றும் கெடவில்லை. குப்பையின்மேல் சுட்டியை வைத்தால் சொற்செயலியின் எழுத்துருக் கட்டத்தில் பழைய உருவின் பெயர் தெரியும். அவ்வுருவைப் பழைய கணினியிலிருந்து எடுத்து நிறுவினால் தமிழ் மீளும். ஆனால் அது கிழிந்த போர்வையை மீண்டும் போர்த்தும் வேலையே. அப்பெயரைக் கொண்டு உரிய மாற்றியால் ஒருங்குறிக்குக் கொணர்வதே முடிந்த முடிபு. பெயரை மாற்றித் தேர்ந்தால் ஒரு குப்பை இன்னொரு குப்பையாகும்.

இலதா எழுத்துருவில் எழுதிய கோப்பின் செய்தி வேறு. 2015-இல் வந்த விண்டோசு 10 முதல் அவ்வுரு தானே வாராமல், வேண்டுவோர் சேர்த்துக்கொள்ளும் துணை எழுத்துருக்களுள் ஒன்றாயிற்று. அது இல்லாத கணினியில் வேறோர் உரு அவ்விடத்தில் நிற்கும். வரி நீளும், பக்கம் தள்ளும், ஆயினும் ஓரெழுத்தும் கெடாது. அமைப்புகளில் விருப்பக்கூறுகள் என்னும் பகுதியில் தமிழ்த் துணை எழுத்துருக்களைச் சேர்த்தால் பழைய தோற்றமும் வந்துவிடும். தன் இருக்கையில் அமர்ந்த தமிழுக்கும் இரவல் இருக்கைத் தமிழுக்கும் உள்ள வேறுபாட்டை இவ்வொன்றே காட்டும்.

மாற்றியபின் மெய்ப்புப் பார்த்தல் இன்றியமையாதது. பழைய உருக்கள் பலவற்றில் ளகரத்திற்கும் ஔகாரக் குறியின் பின்பாதிக்கும் வடிவம் ஒன்றே. எனவே 'வௌவால்' மூன்றெழுத்து மாறி நான்கெழுத்து 'வெளவால்' ஆகும். 'வெளி'யின் ளகரம் ஔகாரத்துள் மறையும். இடையிடையே உண்மையாகவே உரோமனில் எழுதியிருந்த பெயர்களும் தமிழ்க் குப்பையாக மாறியிருக்கும். மாற்றி தன் வேலையை நொடியில் முடித்துவிடும். இவற்றைக் களைய நாள் செல்லும். அந்நாளைச் செலவிட ஒப்பாதவர்களே ஆங்கிலத்துக்குத் தாவுகின்றனர்.