பின்சுவரை வெட்டும் முன்

அமெரிக்காவில் ஓய்வுபெற்ற மஞ்சள் பள்ளிப் பேருந்தை மலிவாக ஏலத்தில் எடுத்து, முன்பாதியை வீடாகவும் பின்பாதியை மணல்மேட்டு வண்டிகளுக்குக் கொட்டகையாகவும் மாற்றி, கலிஃபோர்னியாவின் கிளாமிஸுக்கும் யூட்டாவின் மோவாபுக்கும் ஓட்டிப் போகிறவர்கள் உண்டு. பேருந்து உறுதியானது என்பது அவர்கள் வாதம். பொய்யில்லை: 1977 முதல் உள்ள விதிப்படி, பள்ளிப் பேருந்தின் கூரை வண்டியின் வெற்று எடையைப் போல் ஒன்றரை மடங்கைத் தாங்க வேண்டும். ஆனால் அந்த உறுதி கூரை வளைவுகளும் பக்கத் தகடுகளும் பின்சுவரும் சேர்ந்த கூட்டில் இருக்கிறது. பின்பக்க அவசரக் கதவில் மோட்டார்சைக்கிள் நுழையும். நான்கு சக்கர வண்டி நுழையாது. அதனால் பின்சுவரையே வெட்டுகிறார்கள். வெட்டிய வாயைச் சுற்றி கனமான இரும்புச் சட்டம் வைத்துப் பற்றவைக்காவிட்டால், எதை நம்பி வாங்கினோமோ அதுவே போய்விடும். பின் அச்சுக்கு அப்பால் 700 கிலோ வண்டி நின்றால் முன்சக்கரங்களின் பாரம் குறைந்து ஸ்டீயரிங் பிடி தளரும். பெட்ரோல் ஆவி படுக்கைவரை வரும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

வண்டியை உள்ளே ஏற்றாமல் பின்னால் டிரெய்லரில் இழுப்பது தொல்லை, ரிவர்ஸ் எடுப்பதற்குள் உயிர் போகும் என்பார்கள். நியாயம்தான். ஆனாலும் டிரெய்லர் பெரும்பாரத்தைத் தன் அச்சிலேயே சுமக்கிறது. பெட்ரோலும் வெளியே நிற்கிறது. மோட்டார்சைக்கிள் என்றால் உள்ளே ஏற்றலாம். அதைவிடப் பெரியதற்கு டிரெய்லர்தான் சரி. வெட்டியே தீருவேன் என்பவர்கள், முழுப் பாரத்தோடு எடைமேடையில் ஒவ்வொரு அச்சையும் தனித்தனியாக நிறுத்துப் பார்த்த பிறகு நெடுஞ்சாலை ஏறட்டும்.