காயில் மேல் ஏன் பழி?

நேற்று இரவு வரை நன்றாக ஓடிய கார். இன்று காலையில் கிளம்பவில்லை. 'செல்ப்' போட்டால் என்ஜின் சுற்றுகிறது. பெட்ரோல் வாடையும் வருகிறது. ஆனால் என்ஜின் பிடிக்கவில்லை.

காரணம் என்ன? பிளக்கில் பொறி இல்லை!

பழைய பெட்ரோல் அம்பாசிடர் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. (டீசல் வண்டிக்கு இந்தத் தொல்லை கிடையாது. அதற்குப் பொறியே வேண்டாம்!) அம்பாசிடர் உற்பத்தி 2014-ல் நின்றது. அதை இன்னும் ஆசையோடு வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு.

பட்டறைக்குப் போனால், "காயில் போச்சு, சார்" என்கிறார்கள். புதுக் காயில் வருகிறது. பொறி வரவில்லை. அடுத்து கண்டென்சர். அதற்கடுத்து பிளக் வயர். சம்பளப் பணம் கரைகிறது. சோதித்துப் பாராமல் சாமானை மாற்றுவது வைத்தியமா? இல்லவே இல்லை.

பாட்டரி தருவது 12 வோல்ட். அதைப் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்துவது காயில். காயிலுக்குப் போகும் மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிப்பது 'பாயிண்ட்'. இரண்டு சின்னஞ்சிறு உலோகப் பொட்டுகள்தான் அது. அவை பிரியும்போதுதான் பொறி பிறக்கிறது. அந்தப் பொட்டுகளில் கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறிவிட்டால், காயில் என்ன செய்யும், பாவம்!

பல்பு சொல்லும்

இதைக் கண்டுபிடிக்க ஒரு 12 வோல்ட் பல்பு போதும். பாயிண்ட் வயர் காயிலில் சேரும் முனையில் பல்பின் ஒரு கம்பி. என்ஜின் இரும்பில் மற்றொரு கம்பி. சாவியைத் திருப்பி என்ஜினைச் சுற்றவிட்டால், பல்பு கண் சிமிட்ட வேண்டும்.

அணையாமல் எரிந்தால், பாயிண்ட் சரியாகச் சேரவில்லை. எரியவே இல்லையா? காயிலுக்கு மின்சாரம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தும் எரியாவிட்டால், கண்டென்சர் பழுதாகி மின்சாரத்தை இரும்பில் இறக்கிவிடலாம்.

பல்பு சிமிட்டுகிறது, காயிலின் நடு வயரிலும் பொறி வருகிறது, பிளக்கில் மட்டும் இல்லை என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் ரோட்டாரையும் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் மூடிக்குள் ஈரம் இருக்கும். உலர்ந்த துணியால் துடைத்தாலே வண்டி கிளம்புவதுண்டு. பெட்ரோல் கசியும் இடத்தில் மட்டும் பொறி பார்க்கவே கூடாது. வயரை வெறுங்கையால் பிடிக்கவும் கூடாது.

கூலி யாருக்கு?

பட்டறைக்காரரை மட்டும் குறை கூறுவது நியாயமல்ல. ஒருவர் அரை மணி நேரம் குனிந்து பார்க்கிறார். உப்புத்தாளால் பாயிண்டைத் தேய்க்கிறார். இடைவெளியைச் சரிசெய்து வண்டியைக் கிளப்பிக் கொடுக்கிறார். அவர் கூலி கேட்டால், "தேய்த்ததற்கா இவ்வளவு?" என்று பேரம் பேசுகிறோம்.

அவரே ஒரு புது டப்பாவைப் பிரித்துக் காட்டினால், மறுபேச்சில்லாமல் பணத்தை எண்ணி வைக்கிறோம்.

அடுத்த முறை அவர் டப்பாவைத்தானே எடுப்பார்?