வெள்ளோட்டம் பாராத தேர்

புதிதாகத் தேர் செய்த ஊரார் அதனைத் திருவிழா நாளன்றே முதன்முதலாக வடம்பிடித்து இழுப்பதில்லை. விழாவுக்கு முன்னரே ஒருநாள், தெய்வத் திருமேனியை ஏற்றாமல், வெறுந்தேரைத் தெருக்களில் ஓட்டிப் பார்ப்பர். அச்சு முனகுகின்றதா, உருளை ஒருபக்கமாக இழுக்கின்றதா, தெருமுனையில் தேர் திரும்புமா என்பனவெல்லாம் அன்றே தெரிந்துவிடும். தச்சரும் கொல்லரும் உடன்வருவர். கண்ட குறையை விழாவுக்குமுன் களைவர். இதற்கு வெள்ளோட்டம் என்று பெயர். புதுக்கலத்தை நீரிற் செலுத்திப் பார்ப்பதற்கும் இதுவே பெயர்.

இற்றைக் கணிப்பொறியாளர், இயங்குதளம் ஒன்றை முழுமையாக வெளியிடுமுன், குறை காண்பதற்கென்றே முற்படத் தரும் பதிப்பைக் கிரேக்க நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்தால் 'பீட்டா' என்கின்றனர். தமிழுக்கு அவ்வெழுத்தைக் கடன்வாங்கும் தேவையில்லை. வெள்ளோட்டப் பதிப்பு என்றால் தேரோடும் ஊரில் பிறந்த எவர்க்கும் விளங்கும். சொல் தமிழரிடம் உண்டு, செயலோ இல்லை. பெரிய இயங்குதளங்கள் ஆண்டுதோறும் வெள்ளோட்டம் விடப்படுகின்றன. அத்தேர்களில் தமிழும் ஏற்றப்பட்டுள்ளது. ஆயினும் உடன்சென்று அச்சையும் உருளையையும் பார்க்கும் தமிழர் சிலரே. தேர் நிலையை விட்டுப் புறப்பட்ட பின்னரே, 'ஐயகோ, தமிழ் சாய்ந்துவிட்டதே' என்று ஓலமிடுவோர் பலர்.

இயங்குதளம் என்பது கணிப்பொறியின் உறுப்புகள் அனைத்தையும் ஆளும் அடிப்படை மென்பொருள். விசையைத் தட்டினால் எவ்வெழுத்துத் தோன்ற வேண்டும், அவ்வெழுத்து எவ்வுருவில் நிற்க வேண்டும், பெயர்களை எவ்வரிசையில் அடுக்க வேண்டும் என்னும் நெறிகளை மற்ற மென்பொருள்களுக்குப் பொதுவாக வழங்குவது அதுவே. அங்கே தமிழ் பிழைபடின், அதன்மேல் நிற்பன பலவற்றிலும் பிழைபடும்.

தொடக்கத்திலேயே பாராமல் விட்டதன் பயன் யாது என்பதற்குச் சான்று தொலைவில் இல்லை. 1991-இல் ஒருங்குறியின் முதற்பதிப்பு வெளிவந்தது. அதில் இந்திய மொழிகளின் எழுத்துகளுக்கு இடம் வகுத்தபோது, நடுவண் அரசின் 1988-ஆம் ஆண்டு 'இசுக்கி' என்னும் குறியீட்டு முறையையே அடியாகக் கொண்டனர். அம்முறை தேவநாகரியின் அடுக்கைப் பல மொழிகளுக்கும் பொதுச்சட்டமாக வைத்தது. தமிழும் அச்சட்டத்துள் பொருத்தப்பட்டது. அதனால் தமிழ்க் குழந்தை ஓதும் ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்னும் வரிசை குலைந்தது. னகரம் நகரத்தை ஒட்டியும், றகரம் ரகரத்தை ஒட்டியும் நின்றன. ளகரமும் ழகரமும் வகரத்துக்கு முன்னே போயின. 'கொல்லி' என்பது தமிழனுக்கு மூன்றெழுத்து; ஒருங்குறிக்கோ ஆறு குறியீடு. ஒருமுறை வகுத்த இடத்தைப் பின்னர் மாற்றுவதில்லை என்பது ஒருங்குறி அமைப்பின் உறுதி. ஆகவே அக்குலைவு இனி நேராகாது. அகரவரிசையைச் செம்மையாக்கத் தனிநெறிகள் பின்னர் எழுதப்பட்டன. அந்நெறிகளை ஒவ்வோர் இயங்குதளமும் பிழையின்றிக் கடைப்பிடிக்கின்றதா என்று பதிப்புதோறும் பார்த்தாக வேண்டிய கடன் தமிழர் தலையில் நின்றுவிட்டது.

விழித்திருந்தபோது நேர்ந்ததையும் கருதுக. 2010-இல் ஒருங்குறி அமைப்பின்முன் இரண்டு முன்மொழிவுகள் இருந்தன. தமிழெழுத்துகளோடு 26 கிரந்த எழுத்துகளைச் சேர்க்க வேண்டும் என்பது ஒன்று. கிரந்தத்துக்கென வகுக்கும் தனிப்பகுதியில் எ, ஒ, ழ, ற, ன ஆகிய தமிழெழுத்துகளை நுழைக்க வேண்டும் என்பது மற்றொன்று. அவை வரைவு நிலையில் இருந்தபோதே தமிழறிஞரும் கணிப்பொறி கற்ற தமிழரும் கண்டு எதிர்த்தனர். அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி நடுவண் அரசுக்கு மடல் எழுதினார். முடிவு தள்ளிவைக்கப்பட்டது. 2014-இல் ஒருங்குறியின் ஏழாம் பதிப்பில் கிரந்தம் தனிப்பகுதியாக வந்தபோது அதனுள் அத்தமிழெழுத்துகள் இல்லை. தமிழ்ப்பகுதியிலும் அந்த 26 எழுத்துகள் ஏறவில்லை. 1991-இல் நேர்ந்ததற்கும் 2014-இல் நேர்ந்ததற்கும் உள்ள வேறுபாடு, பட்டறையில் இருக்கும்போதே தேரைப் பார்த்தமையால் விளைந்தது.

உறவுமொழியாம் தெலுங்குக்கு நேர்ந்ததும் இங்கு எண்ணத்தக்கது. 2018 பிப்பிரவரித் திங்களில், தெலுங்கின் கூட்டெழுத்து ஒன்றைத் தாங்கிய செய்தி வந்தால் ஐபோனில் அதனைத் திறந்த செயலி நிலைகுலைந்து நின்றது. ஆப்பிள் நிறுவனம் அத்திங்களிலேயே திருத்தப் பதிப்பை வெளியிட்டது. அப்போது வெள்ளோட்டத்தில் இருந்த அடுத்த பதிப்பில் அக்குறை இல்லை என்பதும் தெரியவந்தது. அதற்குள் அவ்வெழுத்து ஞாலமெங்கும் நகைப்புக்கு ஆளாகிவிட்டது. குறை பொறியினது, பழியோ எழுத்தின்மேல் விழுந்தது. தமிழுக்கு நாள்தோறும் சிறிய அளவில் நேர்வதும் இதுவே.

எனின், வெள்ளோட்டப் பதிப்பைத் தமிழர் ஏன் தொடுவதில்லை? மடி ஒரு கரணியம், அச்சம் மற்றொன்று. அச்சம் பொருளற்றதன்று. கொல்லிமலையை எண்ணுக. நாமக்கல் மாவட்டத்தில், காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டையூசி வளைவுகள் ஏறிச் சென்றடையும் மலை அது. வாழவந்திநாடு, வளப்பூர்நாடு, சேலூர்நாடு என்று பழைய நாட்டுப் பிரிவுகளை ஊராட்சிப் பெயர்களில் இன்றும் காத்து வருவது. மலையாளி என்று பெயர்பெற்றும் தமிழையே பேசும் பழங்குடி மக்கள் வாழ்வது. வல்வில் ஓரி ஆண்ட அம்மலையில், செம்மேட்டில் அவன் சிலை நிற்கின்றது. அங்குள்ள பள்ளியொன்றில் நன்னிலையில் இருப்பது ஒரே கணிப்பொறி என்று கொள்க. மதிப்பெண் பட்டியலும் வருகைப்பதிவும் அதில்தான் உள்ளன. அதன்மேல் முற்றுப்பெறாத இயங்குதளம் ஒன்றை நிறுவ எந்த ஆசிரியரும் ஒப்பார், ஒப்பவும் கூடாது. நிறுவியபின் பொறி எழாவிடின், பழுதுநீக்குவாரைத் தேடி 70 வளைவும் இறங்க வேண்டிவரும்.

இவ்வச்சத்தை நீக்கவல்லது மெய்நிகர்ப்பொறி. ஒரு கணிப்பொறிக்குள் மென்பொருளால் ஆக்கப்படும் மற்றொரு கணிப்பொறியே அது. வெளிப்பொறியின் செயலியிலும் நினைவகத்திலும் ஒரு பங்கு உள்பொறிக்கு ஒதுக்கப்படும். வெளிப்பொறியின் வன்தட்டில் உள்ள ஒரு பெருங்கோப்பே உள்பொறிக்கு வன்தட்டாகும். உள்ளே நிறுவப்பட்ட இயங்குதளம் தனிப்பொறி ஒன்றையே ஆள்வதாகக் கொண்டு இயங்கும். அது நிலைகுலைந்தால் திரையில் ஒரு சாளரம் இருண்டுபோகும், அவ்வளவே. வெளியிலுள்ள மதிப்பெண் பட்டியலுக்கு ஊறு நேராது. உழவர் புதுவிதையை வயல் முழுதும் தூவாமல் ஒரு மூலைப் பாத்தியில் இட்டுப் பார்ப்பது போன்றது இது.

இம்முறை நேற்று முளைத்ததன்று. ஐ.பி.எம். நிறுவனம் தன் பெரும்பொறிகளுக்கு 1972-இலேயே இதனை வெளியிட்டது. 1999-இல் வி.எம்.வேர் நிறுவனம் மேசைக் கணிப்பொறிக்குக் கொணர்ந்தது. 2005, 2006-ஆம் ஆண்டுகளில் இன்டெல், ஏ.எம்.டி. நிறுவனங்கள் தம் செயலிகளிலேயே இதற்கெனத் தனித்திறனைச் சேர்த்தன. 2007-இல் விர்ச்சுவல்பாக்சு என்னும் மென்பொருள் மூலநிரலோடு விலையின்றி வெளிவந்தது. ஆகவே பொருளில்லை என்று கைவிரிப்பதற்கும் இடமில்லை.

மெய்நிகர் என்னும் கருத்துக் கொல்லிமலைக்கு அயலானதுமன்று. நற்றிணை, குறுந்தொகை, அகநானூறு ஆகிய தொகைநூல்கள் போற்றும் கொல்லிப்பாவை உயிருள்ள பெண்ணன்று. தெய்வத்தாலோ பூதத்தாலோ ஆக்கப்பட்ட உரு. காற்று மோதினும், மழை கடுகினும், இடி விழினும், நிலம் அதிரினும் அதன் வனப்புக் குன்றாது என்று நற்றிணையில் பரணர் கூறுகின்றார். இதனைக் கொண்டு பழந்தமிழர் கணிப்பொறி கண்டனர் என்று கூறப்புகுவது நகைப்புக்கிடமாகும். அத்தகைய வெற்றுப்பெருமை தமிழுக்கு வேண்டுவதன்று. மெய்யன்றாயினும் மெய்போல் நிற்கும் ஒன்றை எண்ணவும் சொல்லவும் தமிழால் இயலும் என்பதற்கு மட்டுமே அது சான்று. அவ்வளவே போதும்.

செய்யத்தக்கது யாது? 8 கிகாபைட்டு நினைவகமுள்ள பொறியாயின், அதிற் பாதியை உள்பொறிக்குத் தரலாம். வன்தட்டில் 40 கிகாபைட்டு ஒதுக்கலாம். நினைவகம் குறைந்த பழம்பொறியாயின், எடைகுறைந்த இலினக்சு வகை ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம். உபுண்டு ஆண்டுக்கு இருமுறை, ஏப்பிரலிலும் அக்குதோபரிலும் வெளிவருகின்றது. அதற்குச் சில கிழமைகள் முன்னரே வெள்ளோட்டப் பதிப்பு வந்துவிடும். விண்டோசின் முன்பதிப்புகளைப் பதிவு செய்துகொண்டு பெறும் முறையை மைக்ரோசாப்டு 2014-இல் தொடங்கியது. மலையில் இணையம் தளருமாயின், பதிப்புக் கோப்பை நாமக்கல்லில் இறக்கிச் சிறு நினைவுகோலில் கொண்டேறலாம். நிறுவியவுடன் உள்பொறியின் அந்நிலையைப் பதிந்து வைத்தல் வேண்டும். பின்னர் எத்துணைக் குலைவு நேரினும் அப்பதிவுக்கு மீண்டுவிடலாம்.

பின்னர்த் தமிழை ஓட்டிப் பார்க்க வேண்டும். தமிழ்99 விசைப்பலகை உள்ளதா? 'கொ' என்று தட்டியபின் அழித்தால் எழுத்து முழுதும் அழிகின்றதா, அன்றிக் கொம்பும் காலும் தனித்து நிற்கின்றனவா? வரியின் முடிவில் எழுத்து இரண்டாகப் பிளவுபடுகின்றதா? கட்டளைப் பெயர்கள் நற்றமிழில் உள்ளனவா, ஆங்கில ஒலியைத் தமிழெழுத்தில் போர்த்தியவையா? அகரவரிசையை ஆய ஐந்து சொற்கள் போதும்: அவரை, அழகு, அளவு, அறம், அன்பு. இதுவே தமிழ் நெடுங்கணக்கின் வரிசை. ஒருங்குறியின் இடவரிசையை மட்டும் நம்பும் பொறி இவ்வைந்தையும் அடியோடு தலைகீழாக்கி, அன்பில் தொடங்கி அவரையில் முடிக்கும். ஐந்தாம் வகுப்புக் குழந்தையும் கண்டுபிடிக்கத்தக்க பிழை இது. கண்டுபிடிக்கக் குழந்தை அங்கே இருக்க வேண்டும், அதுவே வேண்டுவது.

கண்டதைக் கண்டவுடன் எழுதியனுப்புதலே இப்பணியின் உயிர். எப்பதிப்பு, செய்தது யாது, தோன்ற வேண்டியது யாது, தோன்றியது யாது என்னும் நான்கும் அம்மடலில் இருத்தல் வேண்டும். அதனைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருப்பது உண்மை. தமிழைக் காக்க ஆங்கிலத்தில் எழுதுவது இழுக்கன்று. திரவிட மொழிகள் தனிக்குடும்பம் என்று கால்டுவெல் 1856-இல் நிறுவியதும் ஆங்கில நூலில்தான்.

மெய்நிகர்ப்பொறி எல்லாவற்றையும் காட்டிவிடாது. ஒலி, திரை, கம்பியில்லா இணைப்பு ஆகிய உறுப்புகளில் மெய்ப்பொறியில் எழும் குறைகள் உள்பொறியில் தோன்றாமற் போகலாம். இயக்கமும் சற்று மெதுவாகவே இருக்கும். ஆனால் எழுத்து, வரிசை, விசை, சொல் என்னும் நான்கும் உள்ளேயும் வெளியேயும் பெரும்பாலும் ஒன்றே. தமிழனுக்கு வேண்டுவதும் இந்நான்கே.

அயல்நாட்டு நிறுவனத்துக்குத் தமிழர் கூலியின்றி உழைப்பதா என்று வினவுவோர் உளர். வினா முறையானதே. ஆதலின் மூலநிரல் திறந்துள்ள இயங்குதளங்களை முதற்கண் ஆய்க. அங்கே பெற்ற திருத்தம் எல்லார்க்கும் உரிமையாகும், எவர் பேழைக்குள்ளும் பூட்டப்படாது. ஆயினும் தமிழ்நாட்டு அலுவலகங்களிலும் இல்லங்களிலும் விண்டோசு இயங்கும் வரையில், அதிலுள்ள தமிழைக் கைவிடுவதும் தமிழைக் கைவிடுவதே. மலைப்பள்ளிக்கு ஆசிரியரும் இணைப்பும் நற்பொறியும் முதலில் வேண்டாவா என்பாரும் உளர். வேண்டும்; அவற்றை அரசிடம் வற்புறுத்திப் பெறல் வேண்டும். அவை வரும்வரை இருக்கின்ற ஒரு பொறி வாளா கிடக்க வேண்டும் என்பது அதனாற் பெறப்படாது.

மேனிலை முதலாண்டுக் கணிப்பொறிப் பாடநூலில் இயங்குதளத்துக்குத் தனி இயல் உண்டு; தமிழ்க்கணிமைக்கும் இயல் உண்டு. இரண்டையும் மாணவர் ஓதி எழுதி மதிப்பெண் பெறுகின்றனர். அவ்விரு இயல்களையும் இணைத்துச் செயலாக்கும் பாலமே மெய்நிகர்ப்பொறியில் ஓடும் வெள்ளோட்டப் பதிப்பு. கிழமைக்கு ஒரு பாடவேளை இதற்குப் போதும்.

கொல்லிமலைச் சிறுமி ஒருத்தி தன் ஊர்ப்பெயரைத் தட்டுகின்றாள். எழுத்து உடைந்து தோன்றுகின்றது. பொறியில் குறை என்று அவளுக்குச் சொல்வார் இலர். தமிழ் பொறிக்கு ஒவ்வாதது போலும் என்று எண்ணி, அடுத்தமுறை ஆங்கில எழுத்தில் தட்டுகின்றாள். அதற்கடுத்த முறை தமிழை எண்ணுவதேயில்லை. ஒருவரும் தடைபோடாமலே ஒரு மொழி இப்படித்தான் ஒரு கையிலிருந்து நழுவுகின்றது. அதே சிறுமி வெள்ளோட்டப் பதிப்பில் அப்பிழையைத் தானே கண்டு, தன் ஆசிரியர் துணையோடு எழுதியனுப்பி, அடுத்த பதிப்பில் அது திருந்தியிருக்கக் காண்பாளாயின், தமிழும் பொறியும் தன் ஆளுகைக்கு உட்பட்டவை என்பதை ஆயுள் முழுதும் மறவாள்.

அடுத்த தேர் பட்டறையில் இருக்கின்றது. ஊர்க்கு ஒருவரேனும் எழுக! அவ்வைந்து சொற்களையும் அடுக்கிப் பார்க்க! பிழை காணின் எழுதுக! திருந்தும் வரை எழுதுக! வெல்க தமிழ்!