பரோலோவுக்கு ஒரு நியாயம், பாகூர் கள்ளுக்கு ஒரு நியாயமா?

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு, ஆபீஸ்ல ஆணி அதிகமானதால தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த பதிவு இது. கொஞ்சம் காரமா இருக்கும். ஒயின் பிரியர்கள் மன்னிக்கவும். மன்னிக்காட்டியும் பரவாயில்ல, முழுசாப் படிச்சுட்டுத் திட்டுங்க.

கூட வேலை பார்க்குற நண்பன் ஒருத்தன் ஆறு மாசம் இத்தாலிக்கு ஆன்சைட் போய்ட்டு வந்தான். போகும்போது தயிர்சாத டப்பாவோட போனவன், வரும்போது மூணு ஒயின் பாட்டிலோட வந்தான். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நாலு பேரைக் கூப்பிட்டு உட்கார வச்சு, "இன்னிக்கு உங்களுக்கு ஒயின் ருசிக்கக் கத்துத் தர்றேன்"னு ஆரம்பிச்சான். கிளாஸைக் காம்புல பிடிக்கணுமாம். சுழட்டணுமாம். மூக்கை உள்ள விட்டு மோந்து பார்க்கணுமாம். அப்புறம்தான் வாய்.

கிண்டல் பண்ணலாம்னுதான் போனேன். ஆனா உண்மையைச் சொல்லணும்ல? மூணும் மூணு விதமா இருந்துச்சு.

முதல்ல கியாந்தி. தஸ்கனி மாநிலத்துச் சரக்கு, சாஞ்சோவேசேங்கிற திராட்சை. புளிப்பு முன்னாடி வந்து நிக்குது. அவன் செர்ரி வாசனைன்னான். நான் டின்ல வர்ற செர்ரியைத் தவிர வேற பார்த்ததில்ல. எனக்கு நாக்குல பட்டது நம்ம நாவல்பழம். ரெண்டாவது பரோலோ. வடமேற்குல பியேமோந்தே, நெபியோலோ திராட்சை. பார்க்க வெளிறின சிவப்பு, சாது மாதிரி இருக்கும். வாயில வச்சா கடுக்காயைக் கடிச்ச மாதிரி ஈறு வரைக்கும் இழுத்துப் பிடிக்குது துவர்ப்பு. சட்டப்படி 38 மாசம் வச்சிருந்துதான் விக்கணுமாம், அதுல 18 மாசம் மரப்பீப்பாய்ல. மூணாவது பிரிமித்தீவோ. தெற்கே பூலியா, வெயில் ஊரு. வெயில்ல பழுத்த திராட்சை எப்படி இருக்கும்? உலர்திராட்சையைப் பாகுல போட்டு ஊற வச்ச மாதிரி.

ஒரே நாடு, மூணு மண்ணு, மூணு ருசி. ஒத்துக்கிட்டேன். நல்லாவே இருந்துச்சு.

கடைசில அவன் ஒரு வார்த்தை சொன்னான் பாருங்க. "மச்சான், நம்ம ஊர்ல இந்தக் கலாச்சாரமே இல்லடா. நம்ம ஆளுங்களுக்கு ருசிக்கத் தெரியாது, கவுத்துக்கத்தான் தெரியும்."

அங்கதான் எனக்குச் சுர்ருன்னு ஏறுச்சு. ஒயின் இல்ல, கோவம்.

*

என் சொந்த ஊர் பாகூர் கொம்யூன்ல ஒரு கிராமம். போன பங்குனில ஒரு ஞாயித்துக்கிழமை விடிகாலையில அவனை வண்டில ஏத்திக்கிட்டுப் போனேன். ஏரிக்கரைப் பக்கம் பனை வரிசை. ஏலம் எடுத்த கடைக்குக் கள் இறக்குற பெரியவர் ஒருத்தர், எனக்குப் பெரியப்பா முறை. மரத்துல இருந்து இறங்கி கலயத்தை வச்சுட்டு மூச்சு வாங்கிக்கிட்டு இருந்தார்.

"பெரியப்பா, இவன் ருசி பார்க்கணுமாம்."

"பாரு தம்பி. ஆனா இப்ப குடிக்கிறது வேற, மத்தியானம் குடிக்கிறது வேற. அப்புறம் எங்கிட்ட வந்து சொல்லக்கூடாது."

அவர் சொன்னதை நம்ம பொட்டி தட்டுற பாஷையில சொல்றேன். திராட்சையை நசுக்கி, நொதிக்க விட்டு, ஒயின் ஆக நாள்கணக்குல ஆகும். கள்ளு அப்படி இல்ல. பாளையைச் சீவின இடத்துல இருந்து கலயத்துக்குள்ள சொட்டு விழுந்த நிமிஷமே நொதிக்க ஆரம்பிச்சிடும். காத்துல, பாளையில, பழைய கலயத்துல இருக்குற ஈஸ்ட்டே போதும், யாரும் எதையும் சேர்க்க வேணாம். கலயத்துல சுண்ணாம்பு தடவிட்டா நொதிக்காது, அது பதநீர். தடவலைன்னா கள். ஒரே மரம், ஒரே பாளை, நடுவுல சுண்ணாம்பு மட்டும்தான் வித்தியாசம்.

காலையில இறக்கினது இனிப்பு, மேல லேசா ஒரு துள்ளல், சோடா மாதிரி. பத்து மணிக்கு இனிப்பு பாதி போய் புளிப்பு தலை தூக்குது. மத்தியானம் தாண்டினா நல்ல புளிப்பு, அது பாக்டீரியா பண்ற அமிலம். மறுநாள் விட்டா வினிகர். பரோலோ மூணு வருஷத்துல போற தூரத்தை இது சூரியன் மறையறதுக்குள்ள போயிடுது.

பக்கத்துத் தோப்புல தென்னங்கள்ளும் கிடைச்சது. அதுல ஒரு வழவழப்பும் இளநீர் வாசனையும். பனங்கள்ளுல நுங்கு வாசனை, அடியில லேசாப் புகைஞ்ச மாதிரி ஒரு இது. தென்னை வருஷம் முழுக்கத் தரும், பனை சீசனுக்குத்தான் தரும். "இது ஏரிக்கரை மரம், அது மேட்டு மரம்"னு பெரியப்பா வாயில வச்சதும் சொன்னார். நண்பன் அசந்து போய், "இதுக்குப் பேர்தான் டெர்வார்"னான்.

"என்ன வாரு?"ன்னார் பெரியப்பா.

"மண்ணோட ருசின்னு அர்த்தம்."

"அதான நானும் சொன்னேன்"ன்னுட்டு அடுத்த மரத்துக்குப் போயிட்டார்.

*

இப்ப விஷயத்துக்கு வர்றேன்.

ஒயினோட மரியாதை வானத்துல இருந்து விழுந்ததில்ல. மனுஷன் உட்கார்ந்து உருவாக்கினது. 1716லயே தஸ்கனியை ஆண்ட மூணாம் கோசிமோ, கியாந்தின்னா எந்த எல்லைக்குள்ள விளைஞ்சதுன்னு கோடு போட்டு ஆணை போட்டான். 1963ல இத்தாலி அரசு சட்டம் கொண்டு வந்து ஊர் ஊரா எல்லை, திராட்சை வகை, பக்குவம் எல்லாத்தையும் எழுதி வச்சது. இவ்வளவுக்கும் அதே கியாந்தி ஒரு காலத்துல வைக்கோல் சுத்தின குண்டு பாட்டில்ல வந்த மலிவுச் சரக்கு. பூலியா ஒயினை வடக்கத்திக்காரன் தன்னோட சாயம் போன ஒயினுக்கு முறுக்கேத்த மொத்தமா வாங்கிக் கலந்துக்கிட்டு இருந்தான். இன்னிக்கு நம்மாளு அதையே காம்புல பிடிச்சு மோந்து பார்க்குறான்.

கலப்படமா? அதுவும் நடந்துச்சு. 1986ல இத்தாலி ஒயின்ல மெத்தனால் கலந்து வித்து 20 பேருக்கு மேல செத்தாங்க, சிலருக்குக் கண்ணு போச்சு. உலகமே காறித் துப்புச்சு. அவங்க என்ன பண்ணாங்க? ஒயினைத் தடை பண்ணல. கலந்தவனைப் பிடிச்சாங்க, சோதனையை இறுக்கினாங்க, ஒழுங்கா பண்றவனைத் தூக்கி நிறுத்தினாங்க.

நம்ம பக்கம்? 1987 ஜனவரில இருந்து தமிழ்நாட்டுல கள்ளுக்குத் தடை. கேட்டா, கலப்படம் பண்ணிடுவாங்கன்னு பதில். அதே அரசாங்கம் 2003ல இருந்து டாஸ்மாக் மூலமா 42.8 சதவீத சரக்கைத் தானே கடை போட்டு விக்குது. கள்ளுல இருக்குறது நாலஞ்சு சதவீதம். தடை கலப்படத்தைத் தடுத்துச்சா? 2023 மே மாசம் மரக்காணம், செங்கல்பட்டு பக்கம் 20 பேருக்கு மேல, 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சில 60 பேருக்கு மேல மெத்தனால் குடிச்சுச் செத்தாங்க. கள்ளு இருந்திருந்தா இவங்க பிழைச்சிருப்பாங்கன்னு நான் சொல்ல வரல. தடை போட்டா விஷம் நின்னுடும்னு சொல்ற வாதம் செத்துப் போச்சுன்னு சொல்றேன்.

பாகூரையும் வில்லியனூரையும் மேப்ல பாருங்க. ஒரு தெரு புதுச்சேரி, அடுத்த வயக்காடு தமிழ்நாடு. ஒரே பனை வரிசையில இந்தப் பக்கம் இறக்கினா வருமானம், அந்தப் பக்கம் இறக்கினா வழக்கு. மரத்துக்குத் தெரியுமா தான் எந்த மாநிலம்னு?

உடனே எங்க புதுச்சேரி ரொம்ப யோக்கியம்னு நெனச்சுடாதீங்க. இங்க கள்ளுக்கடையை ஏலம் விடுவாங்க. யார் அதிகமாக் கேக்குறானோ அவனுக்குக் கடை, மாசாமாசம் கிஸ்தி கட்டணும். கிஸ்தி வந்துச்சான்னுதான் கேள்வியே தவிர, கள்ளு எந்த மரம், எந்த ஊர், எத்தனை மணிக்கு இறக்கினதுன்னு கேள்வி கிடையாது. கிஸ்தி ஏற ஏற, கலயத்துல தண்ணி ஏறும். ஒரு கடையில (பேர் வேணாம்) நானே குடிச்சுப் பார்த்திருக்கேன். நாக்கு நுனியில சாக்கரின் இனிப்பு ஒட்டிக்கிட்டு ராத்திரி வரைக்கும் போகல, மறுநாள் தலையைத் தூக்க முடியல. அனுமதிச்சா மட்டும் போதுமா? மதிக்க வேணாமா? கோவாக்காரன் முந்திரிப் பழ ஃபெனிக்கு 2009லயே புவிசார் குறியீடு வாங்கிட்டான். நாம இன்னும் ஓலைக் கொட்டகையில பிளாஸ்டிக் டம்ளரோட நிக்கிறோம்.

இதுல பெரிய வேடிக்கை என்னன்னா, இத்தாலி ஒயின் எங்க ஊருக்குப் புதுசே இல்ல. பாகூருக்கு வடக்கே, அரியாங்குப்பம் பக்கத்துல அரிக்கமேடு. 1945ல வீலர் தோண்டினப்போ மத்தியதரைக் கடல் பக்கத்து ஒயின் ஜாடித் துண்டுகளும், தஸ்கனியில அரெஸ்ஸோ ஊர்ல செஞ்ச சிவப்பு மண்பாண்டமும் கிடைச்சது. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே இங்க யவனர் மதுவும் இருந்துச்சு, கள்ளும் இருந்துச்சு. புறநானூறு ரெண்டையுமே பேசுது. அதியமான் தனக்குக் கள் கொடுத்த கதையை ஔவையார் வெக்கப்படாம பாடினாங்க. வெக்கம் நமக்கு நடுவுல வந்தது.

*

அந்த வெக்கத்தைப் பத்திச் சொல்லிடறேன். இந்தப் பதிவோட காரணமே அதுதான்.

எங்க தாத்தா மரமேறி. நெஞ்சுல, முழங்கால்ல, உள்ளங்கால்ல காய்ப்புக் காய்ச்சு கருங்கல்லு மாதிரி இருக்கும். இன்ஜினியரிங் முதல் வருஷம் ஹாஸ்டல்ல சீனியருங்க வரிசையா நிக்க வச்சு, வீட்ல என்ன தொழில்னு கேட்டாங்க. நான் விவசாயம்னு சொன்னேன். நாலு வருஷமும் அதையே சொன்னேன். ஒயின் பண்றவன் பேரன், "எங்க தாத்தா ஒயின் பண்ணுவார்"னு பாட்டில்லயே படத்தைப் போட்டு விக்குறான். நான் மறைச்சேன். ரெண்டு பேரும் பண்ணது நொதிக்க வச்ச சாறுதான். யார் பண்றாங்க, யார் குடிக்கிறாங்கன்னு பார்த்துத்தான் நாம ஒன்னைக் கலாச்சாரம்னும் இன்னொன்னைக் கேவலம்னும் பேர் வச்சிருக்கோம்.

"குடிக்கு வக்காலத்தா?"ன்னு பின்னூட்டம் போட விரல் துடிக்குறவங்களுக்கு. உங்களுக்கு முன்னாடி எங்க அத்தை கேட்டுட்டாங்க. இதைப் பத்தியெல்லாம் எழுதப் போறேன்னு சொன்னப்போ, பாத்திரம் கழுவிக்கிட்டே சொன்னாங்க: "நீ ருசி பாக்குற, எழுதுற. எங்க வீட்ல ருசி பாத்தவரு பத்து வருஷமா போட்டோல இருக்காரு." மாமா போனது கள்ளால இல்ல, பிராந்தியால. ஆனா அத்தைகிட்ட அந்த வித்தியாசத்தை வாதம் பண்ண எனக்கு வாய் வரல. வரவும் கூடாது.

அதனால ஒழுங்காச் சொல்லிடறேன். கள்ளு மருந்து, உடம்புக்குக் குளிர்ச்சின்னு சுத்துற வாட்ஸப் கதையெல்லாம் எனக்கு வேணாம். எந்த அளவு மதுவும் பாதுகாப்பானது இல்லன்னு 2023ல உலக சுகாதார நிறுவனம் சொல்லிடுச்சு. அது பரோலோவுக்கும்தான். வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஒரு அதிகாரமே வச்சார், அதுவும் சரி. குடிக்காதவங்களுக்கு என் வணக்கம், அப்படியே இருங்க. எல்லாத்தையும் மூடுன்னு சொன்னீங்கன்னா அத்தையோட சேர்ந்து நானும் கேட்டுக்குறேன். ஆனா ஒன்னை மட்டும் மூடிட்டு, அதைவிட எட்டு மடங்கு காரமானதை அரசாங்கமே விக்கிறதும், இத்தாலிக்காரன் புளிப்பை ரசிச்சுட்டு எங்க தாத்தா புளிப்பைப் பார்த்து மூக்கைப் பொத்துறதும் எந்த ஊர் நியாயம்?

நான் கேக்குறது ரொம்ப சின்ன விஷயம். அதிகம் ஏலம் கேட்டவனுக்குன்னு இல்லாம, இறக்குறவங்களோட கூட்டுறவுக்குக் கடை கொடுங்க. கலயத்துல ஊர், மரம், இறக்கின நேரம் எழுதி ஒட்டுங்க. சாயங்காலம் தாண்டினா வினிகருக்கு அனுப்புங்க. சாக்கரின் போட்டவனை உள்ள தள்ளுங்க. 1963ல ஒரு நாடு பண்ண முடிஞ்சதை இத்தனூண்டு புதுச்சேரி பண்ண முடியாதா?

நண்பன் திரும்பி வரும்போது வண்டிக்குப் பின்னாடி உட்கார்ந்து நோட்டுல எதையோ கிறுக்கினான். அவன் ஒயின் நோட்டு. மூணு இத்தாலிக்குக் கீழ நாலாவதா ஒரு வரி: பனங்கள், பாகூர் ஏரிக்கரை, காலை 7 மணி. "இறக்கினவர் பேரு என்னடா?"ன்னு கேட்டான். சொன்னேன். எழுதிக்கிட்டான்.

எங்க தாத்தா பேரை அப்படி யாரும் எழுதி வைக்கல.

டிஸ்கி 1: வண்டியை ஓட்டினது நான், அன்னிக்கு நான் குடிச்சது பதநீர். அதுக்கு முந்தின வாரமே என் ருசி பார்க்குற வேலை முடிஞ்சிருச்சு :-)

டிஸ்கி 2: குடி குடியைக் கெடுக்கும். காம்புல பிடிச்சுக் குடிச்சாலும்தான்.