குதிரை ட்ரெய்லருக்குச் சாய்தளம்: பலகை மட்டும் போதாது

வட அமெரிக்காவில் பல குதிரை ட்ரெய்லர்களில் சாய்தளம் இருக்காது. குதிரை படி ஏறித்தான் உள்ளே போகணும். இறங்குவதுதான் சிக்கல். பின்பக்கமாக வரும் குதிரைக்குப் படி தெரியாது. மூட்டு வலியுள்ள வயதான குதிரை என்றால் சாய்தளம் போடுவது நியாயம்தான்.

ஆனால் கணக்குப் பாருங்க. படி 40 செ.மீ. உயரம் என்றால், 1 மீட்டர் பலகையின் சரிவு சுமார் 24 பாகை, 1.5 மீட்டர் என்றால் 15தான். ஏறுவதோ 500 கிலோ குதிரை. கீல்களை மெல்லிய தகட்டில் அல்ல, இரும்புச் சட்டத்தில் பற்றவையுங்க.

பின்னால் எடை கூடினால், இழுக்கும் வண்டியின் கொக்கியில் விழும் எடை குறையும். அது மொத்த எடையில் 10 சதவீதத்துக்குக் கீழே போனால், நெடுஞ்சாலையில் ட்ரெய்லர் ஆட்டம் காணலாம். எனவே மறுபடி எடை போடாமல் ஓட்டாதீங்க.

ஆரோக்கியமான குதிரை என்றால், பொறுமையாகப் படி பழக்குவதே மேல்.